கைபிரேக்கின் ஐந்தாவது பல்

'கட், கட், கட், கட், கட்' என்று ஐந்து முறை, இரும்புப் பல்லில் இரும்பு நாக்கு ஏறி உட்காரும் அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று எனக்கு அர்த்தம். காரை ஷெட்டுக்குள் விட்டு, எஞ்சினை அணைத்து, கைபிரேக்கை இழுத்து, ஐந்தாவது பல்லில் அது இறுகியதா என்று காதால் பார்த்த பிறகுதான் அவர் கதவைத் திறப்பார். நாலில் இறுகினால் கம்பியை அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறோம், ஆறுக்குப் போனால் கம்பி தளர்ந்திருக்கிறது என்பார். சமதளமான ஊரில், சமதளமான ஷெட்டில் நிற்கும் காருக்கு யாரும் இழுக்காத அந்தப் பிரேக் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "தேவப்படாத நாளுல பாத்து வெச்சாத்தான் தேவப்படுற நாளுல இருக்கும்."

எங்களுடையது வெள்ளை அம்பாசிடர், டீசல் வண்டி. தெருவில் வயதானவர்கள் அதை 'பிளசர்' என்றுதான் சொல்வார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் ஜாடியும் மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் குப்பியும் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிக்காரர்கள் அப்பாவின் வண்டியை வாடகைக்கு எடுப்பார்கள். பின்சீட்டில் வைக்கோல் சுற்றிய மாதிரிப் பொருள்களோடு கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் போய் வருவார்கள். களிமண் கிடங்குகளுக்குப் போய் வந்த நாளில் கார் முழுக்க மாவு தூவியதுபோல வெள்ளைத் தூசி படிந்திருக்கும். மற்ற ஊர்க் கார்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி உள்ளே ஊதிவிட்டால் போதும், எங்கள் ஊர்க் காருக்கு மூன்று மாதம்தான் கணக்கு என்று அப்பா வைத்திருந்தார். அந்தத் தூசி பிரேக் டிரம்முக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மழையில் நனைந்து, காய்ந்து, கல்லாகிவிடும் என்பது அவருடைய அனுபவம். ஒவ்வொரு வேலையையும் கோடு போட்ட நீள நோட்டில் எழுதுவார். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, அடுத்துப் பார்க்க வேண்டியது என்று நான்கு கட்டங்கள். நான் இன்றுவரை நாள்குறிப்பு எழுதுகிறவளாக இருப்பதற்கு அந்த நோட்டைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மாவின் தம்பி குமார் மாமாவுக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. திட்டக்குடியிலிருந்து வரும்போதெல்லாம், சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்து, "இன்னாங்க மாமா, மாசாமாசம் சடங்கு செய்றீங்க? காருக்கு எத்தனாவது மாசம்?" என்பார். அப்பா திரும்பிப் பார்க்காமல், "நீ ஓட்டுற வண்டிக்குத்தான்டா மசக்க, எப்பப் பாத்தாலும் ரோட்டோரம் வாந்தி எடுத்துக்கினு நிக்கிது" என்பார்.

ஜாடிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெருகில் கொப்புளம் விட்டவை, வாய் கோணியவை, கழுத்தில் மயிரிழை விரிசல் ஓடியவை என்று சூளையில் தேறாமல் போன சாமான்களை எங்கள் ஊரில் 'ரிஜெட்டு' என்பார்கள். உப்பு, புளி, ஊறுகாய், மண்ணெண்ணெய், ஆணி, பித்தான் என்று எங்கள் பக்கத்து வீடுகளில் 'ரிஜெட்டு' ஜாடியில் இல்லாத பொருள் இல்லை. அப்பாவும் ஷெட்டின் பச்சைப் பெயிண்ட் அடித்த பலகைமேல் மூன்று ஜாடிகள் வைத்திருந்தார். பெரிய டின்களில் வாங்கும் எண்ணெயை அவற்றில் ஊற்றி, வாயில் துணி கட்டி வைப்பார். சிவப்புத் துணி என்றால் பிரேக் ஆயில், மஞ்சள் என்றால் கியர் ஆயில், வெள்ளை என்றால் எஞ்சின் ஆயில். மூன்றும் ஒரே சூளையில் வெந்து ஒரே குறையோடு வந்தவை. துணியை எடுத்துவிட்டால், பெற்றவளாலும் அடையாளம் சொல்ல முடியாத மூன்று பிள்ளைகள்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், கார்த்திகை மாதத்தில், அப்பாவுக்கு 'மெட்ராஸ் ஐ' வந்தது. இரண்டு கண்ணும் தக்காளிப் பழமாகச் சிவந்து, இமை ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்டாலே தண்ணீர் கொட்டியது. அந்த வெள்ளிக்கிழமை திட்டக்குடியில், பாட்டி வீட்டில், சித்திக்கு வளைகாப்பு. அம்மாவும் மூன்று வயதுத் தம்பி செந்திலும் எங்கள் காரிலேயே போவது, மாமா வந்து ஓட்டிக்கொண்டு போவது, நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவுக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தின நாள் மாலை, யாரும் சொல்லாமல், நான் ஷெட்டைச் சுத்தம் செய்தேன். அழுக்கு என்றால் எனக்கு அப்போதே பொறுக்காது. ஜாடிகளின் துணிகள் கன்றிப்போய், சிவப்பு எது மஞ்சள் எது என்றே தெரியாத நிலையில் இருந்தன. பலகையிலிருந்து ஜாடிகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் அதே வரிசையில் வைத்தேன். துணிகளை அவிழ்த்து, சோப்புப் போட்டுத் துவைத்து, அடுப்போரம் காய வைத்தேன். பலகையைத் துடைத்தேன். பிறகு வந்து ஜாடிகளுக்கு முன்னால் உட்கார்ந்து சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று கட்டினேன். வரிசை எனக்கு மனப்பாடம். ஆனால் இறக்கி வைக்கும்போது நான் பலகைப் பக்கம் நின்றிருந்தேன். கட்டும்போது வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னுடைய இடமும் வலமும் மாறிவிட்டதை நான் யோசிக்கவில்லை. வெள்ளைத் துணியைக் கட்டும்போது அந்த ஜாடியிலிருந்து கொஞ்சம் தளும்பி வெளிப்பக்கமாக வழிந்தது. பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, மூன்றையும் பலகையில் ஏற்றி வைத்தேன். பிறகு என்று நான் விட்ட வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் மாமா காரைக் கிளப்பத் தயாராக நின்றார். அப்பா உள்ளறையில் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுப் படுத்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ரேடியேட்டர் தண்ணி பாத்தியா?"

"பாத்தாச்சுங்க மாமா."

"பிரேக் ஆயிலு?"

"நேத்து ஊத்துனதுதான?"

"நேத்து நான் எங்கடா ஊத்துனேன், கண்ணே தொறக்கலியே. பாப்பா, செவப்புத் துணி ஜாடிய எடுத்துக் குடு மாமாவுக்கு."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காரில் பிரேக் ஆயில் ஊற்றும் இடம் ஓட்டுகிறவரின் காலடியில் இருக்கும். மிதியடியைத் தூக்கினால் ஒரு சிறு மூடி. விடியாத இருட்டில் மாமா குனிந்து, புனல் வைத்து, ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, "உங்க அப்பா சாமி கும்புட மறந்தாலும் மறப்பாரு, இத மறக்க மாட்டாரு" என்று என்னிடம் கண்ணடித்தார். டிக்கியில் எப்போதும் கிடக்கும் இரண்டு மரக்கட்டைகளை, வண்டியைச் சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிற கட்டைகளை, அம்மா எடுத்து வெளியே வைத்துவிட்டுச் சீர்த்தட்டுகளை அடுக்கினாள். முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்த செந்திலை மாமா தூக்கி முன்னால் வைத்தார். ஆறரைக்குக் கார் புறப்பட்டது.

ஏழேகாலுக்கு அப்பா ரேடியோவில் செய்தி கேட்கத் தொடங்கினார். நான் ஷெட்டுக்குப் போனேன். மாமா தரையிலேயே விட்டுப்போன சிவப்புத் துணி ஜாடியை எடுத்துப் பலகையில் வைக்க வேண்டும். இடம் பண்ண, வெள்ளைத் துணி ஜாடியைத் தூக்கினேன். அது உடனே வரவில்லை. பிசின்போல ஒட்டியிருந்து, சற்று இழுத்ததும் வந்தது. வந்தபோது அதன் அடியில் பச்சைப் பெயிண்ட், காய்ச்சின பால்மேல் ஏடு சுருங்குவதுபோலச் சுருங்கி, ஜாடியோடு உரிந்து வந்தது. பலகையில் வட்டமாக வெள்ளை மரம் தெரிந்தது.

பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். மற்ற எண்ணெய்கள் தின்னாது. காரின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் அப்பா சட்டையாலேயே துடைத்துவிடுவார் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைத் துணி ஜாடியில் இருப்பது பிரேக் ஆயில் என்றால், சிவப்புத் துணி ஜாடியில் இருப்பது எஞ்சின் ஆயில். அதைத்தான் மாமா ஊற்றினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

என் கையிலிருந்த ஜாடி பலகையில் 'ணங்' என்று இடித்தது.

"என்னா சத்தம் பாப்பா?" என்றார் அப்பா, உள்ளிருந்து.

"ஒண்ணுமில்லப்பா."

அப்போது மணி ஏழு இருபது. செய்தி இன்னும் முடிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்ல முடியும். ஏன் செய்தேன் என்று சொல்ல முடியாது. சிவப்புத் துணியை அவிழ்த்து விரலை விட்டுப் பார்த்தேன். வழவழவென்று கனமாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. உடனே அப்பாவிடம் ஓடாமல், துணிகளைச் சரியான ஜாடிகளுக்கு மாற்றிக் கட்டினேன். உரிந்த பெயிண்டைச் சுரண்டி எடுத்து, பலகையின் வெள்ளை வட்டம் தெரியாதபடி ஜாடியை அதன்மேலேயே வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சமையலறையில் போய் நின்றேன். அப்பா அடிக்கிறவர் அல்ல. ஆனால் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருமுறை நான் நோட்டில் கிலோமீட்டரைத் தப்பாகப் படித்துச் சொன்னதற்கு இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதற்கு எத்தனை நாள்? ஒரு கரண்டிதானே ஊற்றினார் என்று நினைத்தேன். இந்நேரம் பாதி தூரம் போயிருப்பார்கள், ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அடுத்த நொடியே, முன்சீட்டில் நின்றுகொண்டு கண்ணாடியில் மூக்கை அழுத்தும் செந்தில் நினைவுக்கு வருவான். பழமலைநாதர் கோயில் பக்கம் திரும்பி நின்று என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். அப்பாவுக்குக் கண் மருந்து விடும் நேரம் வந்தது. விட்டேன். மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் வழிந்தது. அப்பா, "இன்னா பாப்பா, குளுருதா?" என்றார். ஆமாம் என்றேன்.

எட்டு மணிக்கு பீங்கான் கம்பெனியின் 'சங்கு' ஊதியது. தினமும் ஊதுகிற சங்குதான். அன்றைக்கு அது என் காதுக்குள்ளேயே ஊதியதுபோல இருந்தது. அது நிற்பதற்குள் நான் அப்பாவின் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி துவைத்தது, வாசல் பக்கம் உட்கார்ந்தது, பெயிண்ட் உரிந்தது.

அப்பா கண்மேலிருந்த துணியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை.

"எப்ப தெரிஞ்சிது ஒனக்கு?"

"இப்பதாம்பா."

ஷெட் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "எஞ்சின் ஆயிலு மண்ணெண்ணெ வகையறா. அது பட்டா ரப்பரு ஊறும். ஊறுனா பிரேக்கு புடிச்சிக்கும், இல்லன்னா விட்டுடும். ரெண்டுல எதுன்னு காரு முன்னாடியே சொல்லாது" என்றார். சட்டையைத் தேடிக் கையை நீட்டினார். "எட்டேகால் பஸ்ஸு இருக்குது. கெளம்பு. நீதான் என் கண்ணு."

பாட்டி வீட்டில் போன் கிடையாது. பஸ்ஸைத் தவிர வழியில்லை. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஈரத்துண்டோடு அப்பா ஏறினார். சிவந்த கண்ணைப் பார்த்ததும் ஒரு சீட்டு முழுவதும் எங்களுக்கே காலியாயிற்று. "அய்யய்ய, மெட்ராஸ் ஐயி! பாக்காதடி, பாத்தா ஒட்டிக்கும்" என்று ஒரு அம்மாள் தன் பெண்ணின் முகத்தைத் திருப்பினாள். கண்டக்டர் தூரத்தில் நின்றபடியே, "அண்ணே, நீங்க என்னப் பாத்துப் பேசாதீங்க. ஜன்னலப் பாத்துச் சொல்லுங்க, எங்க போவணும்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எதிரே வருகிற ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும், ஒவ்வொரு மதகையும், ரோட்டோரம் நாலு பேர் கூடி நின்ற ஒவ்வொரு இடத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் கூட்டம் கூடியிருந்தது, எழுந்து நின்று பார்த்தேன். மாடு கன்று போட்டிருந்தது. ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணினேன், ஐம்பத்தெட்டு. இவ்வளவு கனமான வண்டிக்கும் பிரேக்குதானே என்ற நினைப்பு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

திட்டக்குடி பஸ் நிலையத்தில் இறங்கியதும் அப்பா ஆட்டோ எங்கே என்றார். மாமா அந்த ஊர்ப் பிள்ளை. ஆட்டோக்காரருக்கு அவரைத் தெரிந்திருந்தது. "குமாரா? இப்பதாங்க கார எடுத்துக்கினு ஏரிப் பக்கம் போனாரு. கொழந்த தண்ணி பாக்கணும்னு ஒரே அழுவை. பத்தரைக்குத்தான சடங்கு, அதுக்குள்ள வந்துடுவாரு."

வெலிங்டன் ஏரியின் கரை உயரமானது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம், இரண்டுக்கும் நடுவே மேலேறிப் பிறகு இறங்குகிற மண்சாலை. அப்பா ஆட்டோக்காரரிடம் சொன்னது இவ்வளவுதான்: "சீக்கிரம் போங்க தம்பி. ஆனா பாத்துப் போங்க."

கரைமேல் ஏறியதும் கண்ணில் பட்டது எங்கள் கார்தான். அப்பாவால் அந்த வெளிச்சத்தில் இமையைப் பிரிக்க முடியவில்லை. என் தோளை இறுக்கினார்.

"என்னா தெரியிது, சொல்லு."

"கார் நிக்கிதுப்பா. எறக்கத்த பாத்து நிக்கிது."

"குமாரு?"

"முன் சக்கரத்துக்கிட்ட துண்டப் போட்டுப் படுத்திருக்காரு. கையில ஸ்பேனர் இருக்குது."

"சக்கரத்துக்குக் கல்லு வெச்சிருக்கானா?"

நான்கு சக்கரத்தையும் பார்த்தேன். "இல்லப்பா."

"தம்பி?"

"உள்ள, ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு நிக்கிறான்."

அப்பா ஆட்டோ நிற்பதற்குள் இறங்கிவிட்டார். அவருக்கு என்ன நடக்கிறது என்பது பார்க்காமலே புரிந்துவிட்டது. எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஊறிப் பெருத்த ரப்பர் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொள்ள, கார் கரைமேல் நகர மறுத்து நின்றிருக்கிறது. சக்கரம் சூடேறிக் கருகல் நாற்றம் வந்திருக்கிறது. இப்படி நேர்ந்தால், சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, அடைபட்ட எண்ணெயைப் பீய்ச்சிவிட்டால் சக்கரம் விடுபடும் என்று ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். மாமாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அந்தச் சரிவில் காரை நிறுத்தி வைத்திருந்ததே அந்தப் பிடித்துக்கொண்ட பிரேக்தான் என்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார். கியரில் போடவில்லை. கைபிரேக் இழுக்கும் பழக்கம் அவருக்கு எப்போதுமே இல்லை.

"குமாரு! ஸ்பேனர எடுறா! எடுறா கைய!"

மாமா தலையைத் தூக்கினார். அதற்குள் திருகு விட்டுவிட்டது. கருத்த எண்ணெய் அவர் கையில் பீய்ச்சியடித்தது. சரளைக்கல் டயருக்கு அடியில் நொறுநொறுவென்று சத்தம் போட்டது. மாமா உருண்டு விலகினார். கார் இறங்கத் தொடங்கியது. கார் தானாக ஓடுவதைக் கண்ட செந்தில் சந்தோஷத்தில் 'டுர்ர்ர்' என்று கத்தினான்.

அந்தச் சத்தம் இன்றும் சில நாள் காலையில் என்னை எழுப்புகிறது.

அப்பா சரளையின் சத்தத்தை வைத்து ஓடினார். ஒருமுறை தடுக்கி, விழாமல், நீட்டிய கையோடு காரின் பக்கவாட்டைத் தொட்டார். தொட்ட பிறகு அவருக்குக் கண் தேவைப்படவில்லை. கை கதவைத் தடவி, திறந்த ஜன்னலைக் கண்டு, தோள்வரை உள்ளே போய், சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் கைபிரேக்கைப் பிடித்தது. 'கட், கட், கட், கட்' என்று நான்கைக் கேட்டேன். கார் இன்னும் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாவது கேட்டது. கார் நின்றது.

பிறகு நான் அடிவைத்து அளந்தேன். ஒன்பது அடி. மாமா விரித்துப் படுத்திருந்த துண்டின்மேல் பின் டயரின் கோடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

அப்பா செந்திலை ஜன்னல் வழியாகவே வெளியே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். என்னையும் மாமாவையும் கற்களைக் கொண்டுவரச் சொல்லி, நான்கு சக்கரத்துக்கும் வைத்தாயிற்றா என்று கையால் தடவிப் பார்த்தார். மாமா எண்ணெய்க் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "என் தப்புதாங்க மாமா... கல்லு வெச்சிருக்கணும். ஆனா பிரேக்கு ஏன் இப்பிடிப் புடிச்சிது? நேத்துவரைக்கும் நல்லாத்தான இருந்திச்சி?"

"ஜாடி மாறிடுச்சி" என்றார் அப்பா.

"யாரு மாத்துனா?"

"மாறிடுச்சிடா."

வளைகாப்புக்குச் சரியான நேரத்தில் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். அம்மா வாசலுக்கே ஓடிவந்து, "ஏங்க, இந்தக் கண்ண வெச்சிக்கினு ஏன் வந்தீங்க? புள்ளத்தாச்சி இருக்கிற வூடு" என்றாள். அப்பா, "பாக்கணும்னு தோணிச்சி" என்று சொல்லிவிட்டு, மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். சித்தி கையில் கண்ணாடி வளையல்களை அடுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கைபிரேக்கின் பல் சத்தம்தான் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மேலே இருக்கிற எண்ணெயை இறைத்துவிட்டுப் புதிது ஊற்றினால் போதும், சாயங்காலமே ஓட்டிப் போகலாம் என்றார் மாமா. "ஊறுன ரப்பரு ஊறுனதுதான்டா. இன்னிக்கி ஓடும். எந்த நாளு கைவிடும்னு எனக்குத் தெரியாது, ஒனக்கும் தெரியாது" என்றார் அப்பா. கண் சரியாகும்வரை கார் ஏரிக்கரைப் பக்கத்து ஒரு களத்திலேயே நின்றது. அதன் பிறகு குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, நான்கு சக்கரத்திலும் ஒரு ரப்பர் துண்டுகூட மிஞ்சாமல் மாற்றிய பிறகுதான் வீட்டுக்கு ஓட்டிவந்தார். ஷெட்டில் ஐந்து பல் சத்தம் கேட்டது. நான் வெளியே போகவில்லை. அவர் என்னிடம் பேசாமல் இருப்பார் என்று பயந்தேன். அவர் அன்றைக்கும் அடுத்த நாளும் எப்போதும்போலத்தான் பேசினார். அது இன்னும் பயமாக இருந்தது. "இப்பதாம்பா" என்று நான் சொன்ன அந்த ஒரு சொல் எந்த நேரமும் வெளியே வந்துவிடும் என்று, அவர் "பாப்பா" என்று கூப்பிடும்போதெல்லாம் கையில் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினேன். அந்த நோட்டை அதன் பிறகு நான் தொடவில்லை.

அந்தக் கார் அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் ஓடியது. ஒருமுறைகூட ரோட்டோரம் நின்று எங்களைத் தலைகுனிய வைக்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் போன பிறகு அதை விற்றோம். வாங்க வந்தவர் மங்கலம்பேட்டைக்காரர், வளைகுடாவில் இருந்து திரும்பியவர். காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் நோட்டுகளைத்தான் புரட்டினார். "நோட்டு காரோட சொத்து, நீங்களே வெச்சிக்கங்க" என்று அப்பா கட்டாகக் கொடுத்தார். அவர் அடுக்கிப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு வருஷம் காணோமே அண்ணே?" என்றார். பொய் என்றால் அப்பாவுக்கு நாக்கே திரும்பாது. "கரையான் அரிச்சிடுச்சிங்க" என்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எங்கள் வீட்டில் கரையான் கிடையாது.

இப்போது எனக்கு வயது ஐம்பதைத் தொடுகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் 'ரிஜெட்டு' ஜாடி இல்லை. உப்புக்கும் புளிக்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள் வந்துவிட்டன. எட்டு மணிச் சங்கு நின்று பல காலமாகிறது. என்னுடைய காரில் கைபிரேக் என்பது ஒரு பொத்தான். அழுத்தினால் சின்னதாக ஒரு முனகல், விளக்கு ஒன்று எரியும், அவ்வளவுதான். பல்லும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. போன மாதம் சர்வீசுக்கு விட்டபோது அங்கிருந்த பையன், "மேடம், பிரேக் ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆவுது. நல்லாத்தான் இருக்குது, அடுத்த தடவ பாத்துக்கலாமா?" என்றான். இப்போதே மாற்றச் சொன்னேன். சீல் உடைக்காத பாட்டிலை என் கண்ணெதிரே திறக்கச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அப்பா போன வருடம் தவறினார். அவருடைய ட்ரங்குப் பெட்டியின் அடியில், வேட்டிகளுக்குக் கீழே, அந்த ஒரு நோட்டு இருந்தது. திறக்க எனக்கு நான்கு நாளாயிற்று. கார்த்திகைப் பக்கத்தில், கண் சரியான பிறகு எழுதியதாக இருக்க வேண்டும், அவருடைய சாய்ந்த எழுத்தில் எல்லாம் முறையாக இருந்தது. தேதி. கிலோமீட்டர். 'பிரேக் ரப்பர் முழுவதும் மாற்றம். குழாய் கழுவியது. காரணம், ஜாடி மாறியது.' அதற்கு அடுத்த வரியில், வேலைக்கான கட்டத்துக்குள்ளேயே, இப்படி இருந்தது: 'ஜாடி சத்தம் 7.20, செய்தி நேரம். பாப்பா சொன்னது 8, சங்கு ஊதும்போது.'

'அடுத்துப் பார்க்க வேண்டியது' என்ற நாலாவது கட்டத்தில் இரண்டே சொல். 'கேட்க வேண்டாம்.'

இன்று காலை என் நாள்குறிப்பை எடுத்து, அந்த நாற்பது நிமிடத்தை முதல் முறையாக எழுதினேன். அப்பாவைப் போலவே நான்கு கட்டம் போட்டு, நேரம் உட்பட எல்லாம் எழுதினேன். நாலாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், பேனாவை மூடி வைத்துவிட்டேன்.